நிஹொன், நிப்பொன், ழுபென்: ஒரே சொல்லைப் பல ஒலியில் படிப்பது எப்படி

ஜப்பானிய மொழி படிக்க வருகிறவர்கள் ஹிரகானா, கட்டகானா என்ற ஒலியெழுத்து வரிசை இரண்டையும் சிரமமில்லாமல் பிடித்துவிடுவார்கள். கான்ஜி, அதாவது சீனாவிலிருந்து வந்த எழுத்துகள், ஆரம்பித்ததும்தான் முகம் மாறும். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாலை நேரம் வகுப்பு எடுக்கிறேன். கடலூரிலிருந்து பஸ் பிடித்து வரும் நர்சிங் பிள்ளைகள், காலாப்பட்டு பக்கம் எஞ்சினியரிங் படிப்பவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மிஸ், ஒரே எழுத்தை இங்க நிச்சின்னு படிக்கிறாங்க, அங்க ஜித்சுன்னு படிக்கிறாங்க, இன்னொரு இடத்துல பின்னு போட்டிருக்கு. எதை மனப்பாடம் பண்றது?"

எதையும் பட்டியலாக மனப்பாடம் செய்ய வேண்டாம் என்பதுதான் என் பதில். ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அது சீனாவில், ஜப்பானில், சுற்றியுள்ள ஊர்களில் எப்படியெல்லாம் ஒலிக்கிறது என்று பொறுமையாகப் பார்த்துவிட்டால் போதும். ஒலிகள் ஏதோ ஒரு ஒழுங்கில்தான் மாறியிருக்கின்றன. அந்த மாற்றங்களில் பெரும்பாலானவை தமிழ் பேசுகிற வாய்க்கு ஏற்கெனவே பழக்கமானவை. நான் எடுத்துக்கொள்ளும் சொல், ஜப்பான் என்ற நாட்டின் பெயர். இரண்டே எழுத்து. இரண்டும் முதல் நிலைத் தேர்வான என்5-லேயே வந்துவிடும்.

முதலில் எழுதிப் பழகுங்கள். முதல் எழுத்து சூரியன், நாள். நிமிர்ந்து நிற்கும் ஒரு செவ்வகம், நடுவில் ஒரு குறுக்குக் கோடு, அவ்வளவுதான். நான்கு இழுப்பு: இடது பக்கம் மேலிருந்து கீழே ஒரு கோடு, மேல் கோட்டைப் போட்டு, கையை எடுக்காமல் அப்படியே வலது பக்கம் கீழே இறக்க வேண்டும், அப்புறம் நடுக்கோடு, கடைசியில் அடிக்கோடு. கட்டத்தை முதலிலேயே மூடிவிட்டு நடுக்கோட்டை உள்ளே செருகாதீர்கள். இரண்டாவது எழுத்து வேர், மூலம். மரம் என்ற எழுத்தின் அடியில் சின்னதாக ஒரு குறுக்குக் கோடு. குறுக்கே ஒன்று, நெடுக ஒன்று, இடப்பக்கம் ஒரு வீச்சு, வலப்பக்கம் ஒரு வீச்சு, கடைசியாக அடிமரத்தில் அந்தச் சின்னக் கோடு. ஐந்து இழுப்பு. இரண்டும் சேர்ந்தால் சூரியனின் மூலம், அதாவது சூரியன் உதிக்கும் இடம். சீனாவிலிருந்து பார்த்தால் ஜப்பான் கிழக்கே இருக்கிறது, அதனால் அந்தப் பெயர்.

இந்த இரண்டு எழுத்தையும் பீஜிங்கில் ஒரு மாதிரி படிப்பார்கள், டோக்கியோவில் வேறு மாதிரி. டோக்கியோவிலேயே இரண்டு மாதிரி. சொல்லப்போனால் நாம் சொல்லும் "ஜப்பான்" கூட அதே சொல்தான். தென்சீனத்தின் ஹொக்கியன் மொழியில் இது "ஜித்புன்". மலாய்க்காரர்கள் "ஜெபுன்" என்றார்கள். கீழைக்கடல் துறைமுகங்களில் அதைக் கேட்ட போர்த்துக்கீசியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போய், ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. ஆக, நீங்கள் பிறந்ததிலிருந்தே இந்தச் சொல்லின் ஒரு உச்சரிப்பைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

சரி, எல்லாவற்றுக்கும் வேர் எது? சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் சீனாவில் இந்த இரண்டு எழுத்தும் ஏறக்குறைய "ஞித் புவொன்" என்று ஒலித்ததாக மொழியியலாளர்கள் கணித்திருக்கிறார்கள். நோட்டின் நடுவில் பெரிதாக "ஞித்-பொன்" என்று எழுதி வட்டம் போடுங்கள். இனி நடப்பதெல்லாம் இந்த ஞ, த், ப மூன்றுக்கும் என்ன ஆனது என்ற கதைதான்.

ஞ எங்கே போனது

மாஹேயிலிருந்து வந்து இங்கே கல்லூரியில் படித்த ஒரு பெண் என் வகுப்பில் இருந்தாள். வீட்டுக்குப் போன் பேசும்போது மலையாளம். நாம் "நான்" என்பதை அவள் "ஞான்" என்பாள். நாம் நண்டு என்பதை "ஞண்டு" என்பாள். நண்டுக்குத் தமிழிலும் பழைய வடிவம் ஞண்டுதான். நம் வாயில் ஞ மெல்ல ந ஆகிவிட்டது. அவளைக் கரும்பலகைக்கு அழைத்து மூன்று வரி எழுதச் சொன்னேன்: ஞான் – நான், ஞண்டு – நண்டு, ஞித் – நிச்சி. வகுப்பு முழுக்க ஒரு நிமிடம் சத்தமே இல்லை. மூன்றாவது வரிதான் ஜப்பான். ஐந்து, ஆறாம் நூற்றாண்டு வாக்கில் சீன எழுத்துகள் கொரியா வழியாக ஜப்பானுக்குப் போனபோது, ஞ என்பதை அவர்கள் ந என்று வாங்கிக்கொண்டார்கள். அதுதான் "நிச்சி".

பிறகு ஏழு முதல் ஒன்பதாம் நூற்றாண்டு வரை ஜப்பானியத் தூதர்களும் துறவிகளும் தாங் அரசின் தலைநகரான சாங்ஆனுக்கே நேரில் போய்ப் படித்தார்கள். அதற்குள் தலைநகரில் ஒலி மாறிவிட்டிருந்தது. அந்த ஞ-வில் ஜ வாடை ஏறியிருந்தது. புதிய உச்சரிப்பைக் கொண்டுவந்தார்கள், ஆனால் பழையதைத் தூக்கிப் போடவில்லை. அப்படி வந்ததுதான் "ஜித்சு". ஒரே எழுத்துக்கு நிச்சி, ஜித்சு என்று இரண்டு ஒலி இருப்பதற்குக் காரணம் இதுதான். தமிழிலும் இது நடந்திருக்கிறது. லக்ஷண என்ற ஒரே சமஸ்கிருதச் சொல் நம்மிடம் "இலக்கணம்" என்றும் இருக்கிறது, "லட்சணம்" என்றும் இருக்கிறது. வெவ்வேறு விதமாக வந்த இரண்டையும் வைத்துக்கொண்டு வெவ்வேறு வேலைக்குப் பயன்படுத்துகிறோம். யாரும் குழம்புவதில்லை.

வடசீனத்தில் ஞ இன்னும் தூரம் போனது. இன்றைய மாண்டரினில் அது நம் ழ-வுக்கு மிக நெருங்கிய ஒலி. ரோமன் எழுத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து நம் பிள்ளைகள் "ரிபென்" என்று படிக்கிறார்கள். அது வேண்டாம். நாக்கை மேலே வளைத்து, அண்ணத்தைத் தொடாமல், "ஏழு" என்று சொல்லுங்கள். கடைசியில் உதடு குவியாமல் மங்கலாக ஒரு "ழு" வருகிறதல்லவா, அதை மட்டும் வெட்டி எடுங்கள். மாண்டரினில் சூரியன் அதுதான். உலகத்தில் பாதிப் பேர் இந்த ஒலிக்குத் திணறுகிறார்கள், நமக்கு அது சொந்த எழுத்து. ஒரு எச்சரிக்கை: நம் பக்கத்தில் "பழம்" பலர் வாயில் "பளம்" அல்லது "பயம்" ஆகிவிடுகிறது, "இழுத்து" என்பது "இஸ்து" ஆகிறது. அப்படிப் பேசிப் பழகியவர்கள் முதலில் தமிழ் ழ-வைச் சரிசெய்துகொண்டு வாருங்கள். வாழைப்பழம், கிழவி, ஏழு, உழவு என்று ஒரு வாரம் சொன்னால் வந்துவிடும்.

த் என்ற கடைசி எழுத்து

ஜப்பானிய மொழியில் சொல் த் என்று முடியாது. அதனால் பின்னால் ஒரு உயிர் ஒட்டிக்கொண்டது. பஸ்ஸு, லைட்டு, கப்பு என்று நாம் செய்வதும் அதேதான். "நித்" என்பதற்குப் பின்னால் இகரம் வந்து "நித்தி" ஆனது, பிறகு அந்தத் தி "ச்சி" ஆனது. "அடித்து" நம் பேச்சில் "அடிச்சு" ஆவதும் "வைத்து" என்பது "வச்சு" ஆவதும் நினைவிருந்தால் இது புதிதே இல்லை; இகரம், ஐகாரம் பக்கத்தில் இருந்தால் த் மெதுவாகச் ச் ஆகும். "ஜித்" என்பதற்குப் பின்னால் உகரம் வந்தது. ஜப்பானில் து என்பது "த்சு" ஆகிவிடும், அதனால் ஜித்சு. ஒரு சின்ன விஷயம்: தமிழில் "நிசி" என்று எழுதினால் "நிஸி" என்று வாசித்துவிடுவோம் என்பதால்தான் நான் "நிச்சி" என்று எழுதுகிறேன். உச்சரிக்கும்போது ச்ச-வை அழுத்தாமல் ஒற்றையாக விடுங்கள்.

மாண்டரினில் அந்தத் த் முழுக்கவே போய்விட்டது. கேன்டனீஸில் அப்படியே இருக்கிறது: "யத் பூன்". ஹாங்காங் படம் பார்க்கிறவர்கள் கேட்டிருப்பீர்கள். இங்கே நமக்குச் சிக்கல் எதிர்ப்பக்கம். நம் வாய் "யத்து" என்று உகரம் போடத் துடிக்கும். "பத்து" என்று சொல்ல ஆரம்பித்து, "பத்" என்ற இடத்தில் நாக்கைப் பல்லிலிருந்து எடுக்காமல் மூச்சை நிறுத்திப் பாருங்கள். அந்த நிறுத்தம்தான் தேவை.

கொரியாவில் த் எல்லாம் ல் ஆனது. "இல்பொன்". கொரியத் தொடர் பார்க்கிற பிள்ளைகள் இதை எனக்கு முன்பே சொல்லிவிடுவார்கள். ல்-லும் இந்த வகை ஒலியும் ஒன்றுக்கொன்று இடம் மாறுவது நமக்கும் தெரியும்: சொல் – சொற்கள், பல் – பற்பொடி. திசைதான் எதிர்.

வியட்நாமுக்கு நான் புத்தகத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. புதுச்சேரியில் பழைய சைகோன் குடும்பங்கள் நிறைய. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் வேலைக்காக இந்தோசீனா போனவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். எங்கள் தெருவிலும் ஒரு ஆயா இருக்கிறார், சிறுவயது முழுக்க சைகோனில். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். "ஆயா, ஜப்பானை அங்க என்னன்னு சொல்லுவீங்க?" என்று ஒருத்தி கேட்டதும் யோசிக்கக்கூட இல்லை. "ஞத் பான்னு சொல்லுவோம்மா" என்றார். சுத்தமான ஞ, தொண்டையில் அழுந்தி நின்றுபோகும் த், அப்புறம் பாபு என்பதில் வருகிற மாதிரி அதிர்கிற பா. பழைய ஞித்தின் தலையும் வாலும் சேதமில்லாமல் அந்த வாயில் இருந்தன. ஒலியைப் படிக்க வேண்டுமென்றால் ஆளைத் தேடிப் போங்கள். புதுச்சேரியில் அது முடியும்.

ப-வும் ஹ-வும்

ஞித்-பொன் என்பதை வேகமாகச் சொன்னால் த் அடுத்து வரும் ப-வோடு கலந்து இரட்டிக்கும்: நிப்பொன். ஒற்றைப் ப-வாகத் தளர்ந்த வடிவம் நிபொன், பிறகு நிஃபொன், கடைசியில் நிஹொன். ப எப்படி ஹ ஆகும் என்று கேட்டால் ஓசூர் தாண்டினால் தெரிந்துவிடும். நம் பால் கன்னடத்தில் ஹாலு, பத்து என்பது ஹத்து, பூ என்பது ஹூவு. ஆனால் உப்பு அங்கேயும் உப்புதான். ஒற்றைப் ப ஹ ஆகும், இரட்டைப் ப்ப அசையாது. ஜப்பானிலும் அச்சாக இதே கதை. அதனால்தான் நிஹொனில் ஹ, நிப்பொனில் ப்ப. இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தின் சாட்சி ஒன்று இருக்கிறது. 1603-இல் நாகசாகியில் ஏசு சபையினர் அச்சிட்ட ஜப்பானிய – போர்த்துக்கீசிய அகராதியில் நிஃபொன், நிப்பொன், ஜிப்பொன் மூன்றுமே பதிவாகியிருக்கின்றன.

நீளமான பொருள்களை எண்ணும்போதும் இந்த இரண்டாவது எழுத்துதான் வரும். ஒரு பேனா இப்பொன், இரண்டு நிஹொன், மூன்று சம்பொன். கடைசியில் உள்ள ப, பழம் மாம்பழம் ஆகும்போது அதிர்வதுபோல அதிர்கிறது. ப, ஹ, அதிர்கிற ப மூன்றும் ஒரே எழுத்தில். இரண்டு பேனாவும் ஜப்பானும் ஒரே நிஹொன்தானா என்று கேட்பார்கள். தொனி வேறு. இரண்டு பேனாவுக்கு "நி" மேலே, மீதி கீழே. நாட்டுக்கு "நி" கீழே, "ஹொ" மேலே, "ன்" மறுபடி கீழே.

மாத்திரையில் கவனம் வேண்டும். தமிழில் ஒற்றெழுத்துக்கு அரை மாத்திரை. ஜப்பானியத்தில் ஒற்றுக்கும் முழு மாத்திரை. நிப்பொன் நமக்கு மூன்று மாத்திரை, அவர்களுக்கு நான்கு. கைதட்டிச் சொல்லுங்கள்: நி, ப், பொ, ன், நான்கு தட்டு. நிஹொனுக்கு மூன்று தட்டு. ப்-பில் ஒரு முழுத் தட்டு நேரம் உதட்டை மூடிக் காத்திருங்கள். நம்மவர்கள் பேச்சில் நிப்பொன் அவசரமாகக் கேட்பதற்கு இதுதான் காரணம்.

மாண்டரின் பக்கம் இரண்டாம் எழுத்து "பென்". ரோமன் எழுத்தில் பி (b) என்று போட்டிருக்கும், அதை அதிர்த்துச் சொல்லாதீர்கள். நம் "பழம்" என்பதன் ப-வேதான், அதிர்வும் இல்லை, மூச்சும் இல்லை. சோதித்துப் பார்க்க கடலூர் பஸ் டிக்கெட் போதும். உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டு "பென்" என்று சொல்லுங்கள். தாள் அசையக் கூடாது. ஆடினால் அது சீனத்தில் வேறு எழுத்தாகிவிடும். எகரமும் அவ்வளவு விரியாது. "அவன்" என்பதன் கடைசியில் வரும் மங்கலான அகரத்துக்குப் பக்கம். தொனி: "ழு" மேலிருந்து சட்டென்று விழும், "போ!" என்று அதட்டுவதுபோல. "பென்" அடியிலேயே கிடக்கும். எண்ணும்போதும் சீனர்கள் இதைப் பேனாவுக்குப் போடுவதில்லை, புத்தகத்துக்குப் போடுவார்கள். ஜப்பானியத்தில் தனியாக "ஹொன்" என்றாலே புத்தகம்.

நிஹொனா நிப்பொனா, எது சரி? இரண்டும் சரி. 2009-இல் நாடாளுமன்றத்தில் இந்தக் கேள்வி எழுந்தபோது, இரண்டும் பரவலாக வழங்குகின்றன, ஒன்றாக்கத் தேவையில்லை என்று ஜப்பான் அரசே பதில் சொல்லிவிட்டது. பேச்சில் நிஹொன் போதும்: மொழி நிஹொங்கோ, மக்கள் நிஹொஞ்ஜின். ரூபாய் நோட்டு மாதிரி அவர்களுடைய யென் நோட்டில் நிப்பொன் கின்கோ (ஜப்பான் வங்கி) என்று இருக்கும், அஞ்சல்தலையில் நிப்பொன் இருக்கும், விளையாட்டு மைதானத்தில் கத்துவதும் நிப்பொன். டோக்கியோவில் நிஹொம்பாஷி, ஒசாகாவில் அதே எழுத்துகளுக்கு நிப்பொம்பாஷி. பெயர்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். புதுச்சேரி, பாண்டி, புதுவை மூன்றில் எதை எங்கே சொல்வது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

மீதி இருப்பது சூரியன் எழுத்தின் ஜப்பானிய ஒலிகள். சீனாவிலிருந்து வந்தவை நிச்சியும் ஜித்சுவும். அவர்களுடைய சொந்தச் சொற்கள் "ஹி", "கா". இதற்கு நான் ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன்: இச்சிகத்சு ட்சுஇத்தச்சி வா நிச்சியோபி தெ, ஷுக்குஜித்சு தெசு. ஜனவரி முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை, பொது விடுமுறை. 2023-இல் உண்மையாகவே அப்படித்தான் வந்தது. அந்த எழுத்து இதில் நான்கு இடத்தில் வருகிறது, நான்கு இடத்திலும் வேறு ஒலி. முதல் தேதி என்பது முழுச் சொல்லாக "ட்சுஇத்தச்சி". எழுத்தைப் பிரித்துப் பார்க்காதீர்கள். ஞாயிறு என்பதன் தலையில் "நிச்சி", வாலில் "பி". அது "ஹி"தான், அந்த ஹ-வும் பழைய ப என்பதால் நடுவில் வந்ததும் மாம்பழம்போல அதிர்கிறது. விடுமுறையில் "ஜித்சு". தினமும் என்றால் மைநிச்சி, லீவு நாள் க்யூஜித்சு. இரண்டு எழுத்தையும் இடம் மாற்றிப் போட்டால் "ஹொஞ்ஜித்சு", அதாவது இன்று என்பதன் மரியாதையான வடிவம். ரயில் அறிவிப்புகளில் கேட்கலாம். சொல்லாகப் படித்தால் ஒலி தானாக ஒட்டிக்கொள்ளும். எழுத்துக்கு எதிரே ஒலிப் பட்டியல் போட்டுப் படித்தவர்கள் தேர்வு அறையில் ஐந்தில் எது என்று தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஞாயிறு என்பதிலும் ஞ, ஞித் என்பதிலும் ஞ என்று பார்த்ததும் சிலர் துள்ளிக் குதிப்பார்கள். அது தற்செயல். நினைவில் வைத்துக்கொள்ள உதவும், அவ்வளவே. ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நான் காட்டும் ஒற்றுமை உறவால் வந்ததில்லை. மனித நாக்கு எங்கே இருந்தாலும் ஒரே மாதிரித்தான் வழுக்குகிறது, அவ்வளவுதான் விஷயம்.

இப்போது சோதனை. நோட்டில் ஐந்து கட்டம் போட்டு மாண்டரின், கேன்டனீஸ், கொரியா, வியட்நாம், ஜப்பான் என்று தலைப்பு எழுதுங்கள். முதல் வரியில் சூரியன்: ழு, யத், இல், ஞத், நிச்சி. இரண்டாவது வரியில் சூடு, காய்ச்சல் என்று பொருள்படும் எழுத்து. மாண்டரின் கட்டத்தில் மட்டும் "ழெ" என்று நான் எழுதித் தருகிறேன். மற்ற கட்டங்களுக்கான விதி முதல் வரியிலேயே இருக்கிறது: தலையில் ழ இருந்தால் கேன்டனீஸில் ய, வியட்நாமில் ஞ, ஜப்பானில் ந அல்லது ஜ, வாலில் த் இருந்திருந்தால் கொரியாவில் ல். இந்த எழுத்தின் வாலிலும் பழைய சீனத்தில் த் இருந்தது. உயிரெழுத்தில் தவறினால் பரவாயில்லை, தலையும் வாலும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். விடை: யித், யோல், ஞியெத், நெத்சு. கடலூர் நர்சிங் பிள்ளைகளுக்குக் கடைசிச் சொல் முதல் நாளே தேவைப்படும். ஜப்பான் மருத்துவமனையில் "நெத்சு கா அரிமசு" என்றால் காய்ச்சல் இருக்கிறது என்று அர்த்தம்.